ஹெரிட்டபிலிட்டி: ‘பரம்பரைத்தன்மை’ அன்று, ‘மரபுப்பங்கு’

‘புகைப்பழக்கத்தின் பரம்பரைத்தன்மை 50 சதவீதம்’ என்று மறுபடியும் ஒரு கட்டுரை. படிப்பவர் என்ன நினைப்பார்? அப்பா புகைத்தால் பிள்ளையும் புகைக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றுதான். மூலச்சொல்லான ‘ஹெரிட்டபிலிட்டி’ (heritability) அப்படி எதையும் சொல்லவில்லை.

வாரிசைக் குறிக்கும் லத்தீன் ‘ஹேரெஸ்’ இதன் வேர். கால்நடை இனவிருத்தி ஆய்வாளர் ஜே லஷ் போன்றோரால் பரவிய கணக்குச் சொல் இது. ஒரு மக்கள்தொகையில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் மரபணு வேறுபாட்டின் பங்கு எவ்வளவு என்பதே பொருள். தனி ஒருவரைப் பற்றி அது வாய் திறப்பதில்லை.

‘பரம்பரை’ வடசொல் என்பதால் நான் அதை எதிர்க்கவில்லை. அந்தச் சொல்லில் வீடும் அடங்கும், பகையும் அடங்கும், அப்பாவைப் பார்த்துப் பிள்ளை பழகிய சிகரெட்டும் அடங்கும். மரபணுவால் வந்ததையும் பார்த்துப் பழகியதையும் பிரித்தறியத்தானே, ஒரே கருவில் பிரிந்த இரட்டையரையும் தனித்தனிக் கருவில் உருவான இரட்டையரையும் ஒப்பிடும் இரட்டையர் ஆய்வுகளே நடக்கின்றன? அவற்றின் முடிவை, இரண்டையும் ஒன்றாகக் கட்டும் சொல்லால் எழுதுவது என்ன நியாயம்?

‘தன்மை’ இன்னும் மோசம். அது ஒட்டிப்பிறந்த, மாறாத குணத்தைச் சொல்லும். இந்த எண்ணோ மாறும். ஸ்வீடன் இரட்டையர் பற்றி 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், 1925க்கு முன் பிறந்த பெண்களின் புகைப்பழக்கத்தில் மரபணுவின் செல்வாக்கு தென்படவில்லை. 1940க்குப் பின் பிறந்தவர்களிடம் அது பாதியைத் தாண்டியது. அதற்குள் மரபணுவா மாறிவிட்டது? பெண்கள் புகைப்பதற்கு இருந்த சமூகத் தடை தளர்ந்தது. தடை இருந்தவரை மரபணு வேறுபாடு வெளிப்பட இடமே இல்லை.

‘மரபுரிமைத்திறன்’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். யாருடைய திறன்? ‘-பிலிட்டி’ என்ற ஆங்கில விகுதிக்கு ஈடாக ஒன்று வேண்டுமே என்று ஒட்டியது. போதாததற்கு, ‘மரபுரிமை’ பழங்கோயில்களுக்கும் கலைகளுக்கும் ஏற்கெனவே போய்விட்டது.

‘மரபுப்பங்கு’ என்றால் ‘எதில் பங்கு?’ என்று வாசகரே கேட்பார். முதல்முறை ‘வேறுபாட்டில் மரபுப்பங்கு’ என்று முழுதாக எழுதிவிட்டால் அந்தக் கேள்விக்கும் விடை கிடைத்துவிடும்.

மொழிபெயர்ப்பாளர்கள் கைவிட வேண்டிய இன்னொன்று ‘புகைக்கும் மரபணு’ என்ற தொடர். 15ஆம் குரோமோசோமில் உள்ள சிஎச்ஆர்என்ஏ5 என்ற மரபணு, நரம்புச் செல்லில் நிகோடின் பற்றும் புரதமான ஏற்பியின் ஒரு பகுதியை உருவாக்குகிறது; அதன் ஒரு வடிவம் உள்ள புகைப்பவர்கள் சராசரியாகச் சற்று அதிக சிகரெட் பிடிக்கிறார்கள். சிஒய்பி2ஏ6 என்ற மரபணு, நிகோடினைக் கல்லீரலில் சிதைக்கும் நொதிக்கானது. இரண்டில் எதுவும் யார் வாயிலும் சிகரெட்டை வைப்பதில்லை. 2019இல் சுமார் 12 லட்சம் பேர்வரை உட்படுத்திய ஆய்வு, புகையிலை, மதுப் பழக்கங்களோடு தொடர்புள்ள மரபணுத்தொகுதி இடங்களாக 400க்கு மேல் காட்டியது. அத்தனையையும் ‘மரபணு’ என்ற ஒருமைக்குள் அடைத்துத் தலைப்பிடுகிறார்கள்.