ரிவிட்: இணைப்பாணி அல்ல, தறையாணி

வீட்டுக் கொட்டகையிலேயே சிறு விமானம் கட்டுவதைக் காட்டும் காணொளிகளுக்கு இப்போது தமிழில் விளக்கவுரை வருகிறது. பாளையங்கோட்டையில் பாலிடெக்னிக் படிக்கும் என் தம்பி மகன் ஒன்றைக் காட்டினான். முயற்சி நல்லதுதான். ஆனால் தகடுகளைச் சேர்த்து இறுக்கும் ரிவிட் வரும் இடமெல்லாம் ‘இணைப்பாணி’ என்கிறார்கள். ‘இணைப்பாணிகளைச் சரியாக அமைக்கவும்’ என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். பயிற்சிக் குறிப்புகளிலும் இந்தச் சொல் நுழைந்துவிட்டதைப் பார்க்கிறேன். இனியும் பேசாமல் இருக்க முடியாது.

பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ரிவெட் என்பது ஆங்கிலம் பழைய பிரெஞ்சிலிருந்து பெற்ற சொல். ஆணியின் முனையை மடக்கி இறுக்குவதைக் குறிக்கும் வினையடியாகப் பிறந்தது. நம் பட்டறைகளில் அது ரிவிட் ஆயிற்று. தமிழில் இதே பொருளுக்குத் தறைதல், தறைத்தல் என்னும் வினைகள் உண்டு. ஆணி அறையப்பட்டு இறுகுவது தறைதல். அப்படி இறுகச் செய்வது தறைத்தல். அதிலிருந்து வந்தது தறையாணி. அகராதியில் இருக்கும் சொல். புதிதாக எதையும் ஆக்க வேண்டிய தேவையே இல்லை.

‘இணைப்பாணி’யின் குறை என்ன? இணைப்பது ரிவிட் மட்டுமா? திருகாணியும் இணைக்கிறது, போல்ட்டும் இணைக்கிறது, சாதாரண ஆணியும் இணைக்கிறது. எல்லாவற்றுக்கும் பொருந்தும் பெயர் எதற்கும் பெயராகாது. ரிவிட்டை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டுவது ஒன்றே ஒன்று: அது போட்ட இடத்திலேயே உருமாறி இறுகுகிறது. அந்தச் செயல் ‘தறை’ என்ற சொல்லுக்குள் இருக்கிறது, ‘இணைப்பு’க்குள் இல்லை.

திருநெல்வேலி டவுனில் வாளிக்குக் காது வைத்துத் தரும் பட்டறையில் நின்று பார்த்தவர்களுக்கு இது விளங்கும். ஆணியின் தலை, அதாவது கொண்டை, கீழே அடைகல்லில் உட்கார்ந்திருக்கும். தகட்டையும் காதையும் துளைத்து மேலே நீட்டிக்கொண்டிருக்கும் வாலை ஆசாரி தட்டித் தட்டி இன்னொரு கொண்டையாக்குவார். விமானத் தகட்டில் நடப்பதும் இதுவே. அடிக்கும் பக்கம்தான் மாறுகிறது. அங்கே காற்றுச் சுத்தியல் ஆலையில் செய்து வந்த கொண்டையின் மேல் அடிக்கும். மறுபுறம் முட்டுக் கொடுத்துப் பிடித்த இரும்புக் கட்டையில் மோதி வால் நசுங்கும்.

‘ரிவிட்டுக்குக் கூர்முனை இல்லையே, அதை ஆணி என்பது எப்படிச் சரி?’ என்று கேட்கும் தூய்மைவாதிகளும் உண்டு. நெல்லையப்பர் தேரின் சக்கரம் கழன்றுவிடாமல் காக்கும் கடையாணிக்குக் கூர் இருக்கிறதா? அச்சாணிக்கு? தமிழில் ஆணி என்பது சுவரில் அடிக்கும் ஆணி மட்டும் அன்று. ஆங்கிலச் சொல்லின் எல்லையைத் தமிழ்ச் சொல்லுக்கு வேலியாகப் போடுவதால் வரும் குழப்பம் இது.

‘அமைத்தல்’ இன்னும் மோசம். அது படிப்பவனைத் தவறான வேலைக்கு இட்டுச் செல்லும். துளையில் செருகி வைத்தாலே அமைத்தாயிற்று என்றுதான் அவன் நினைப்பான். தறைப்பதற்கோ கணக்கு இருக்கிறது. எட்டில் ஒரு அங்குலத் தண்டு, அதாவது ஏறக்குறைய 3.2 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். தகடுகளைத் தாண்டி அதன் வால் விட்டத்தைப் போல் ஒன்றரை மடங்கு, சுமார் 4.8 மி.மீ., நீண்டிருக்க வேண்டும். தறைத்து முடித்தபின் புதுக் கொண்டையின் அகலம் 4.8 மி.மீ., உயரம் 1.6 மி.மீ. தண்டு பருத்துத் துளையையும் அடைத்துக்கொள்ளும். அடி குறைந்தால் பிடிப்பு இருக்காது. மிகுந்தால் கொண்டை அப்பளமாகி விளிம்பில் வெடிக்கும். கட்டை சாய்ந்தால் வால் ஒருபக்கம் படுத்துவிடும். அப்போது துளையைப் பெரிதாக்காமல் ஆலையில் செய்து வந்த கொண்டையைத் துளையிட்டு நீக்கி, தண்டைத் தட்டி எடுத்துவிட்டு, வேறொன்று போட்டுத் தறைக்க வேண்டும். ‘சரியாக அமைக்கவும்’ என்ற தொடரில் இவற்றில் எது இருக்கிறது?

அதே விளக்கவுரையில், வேலைக்களத்தில் உருவாகும் அந்தப் புதுக் கொண்டையைக் ‘கடைத் தலை’ என்று எழுதியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் பட்டறைக்கும் கடைக்கும் ஒரே சொல் வரும். மொழிபெயர்த்தவர் எந்தப் பட்டறை வாசலையும் மிதிக்காமல் அகராதியில் கண்ட முதல் பொருளை எடுத்துப் போட்டுவிட்டார். பட்டறைக் கொண்டை என்றால் எவருக்கும் புரிந்திருக்கும். ஆணியின் தலையைக் கொண்டை என்பது ஊரறிந்த வழக்கு. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூச்சம், புதுச்சொல் புனைய மட்டும் ஆர்வம். தொழில்நுட்பத் தமிழில் இன்று பெரிய நோய் இதுதான் என்பேன். சொல் வறுமை என்று மொழியின் மேல் பழி போடுகிறோம். வறுமை நம் விசாரிப்பில் இருக்கிறது.

பேச்சில் ரிவிட் என்பதை நான் தடுக்கவில்லை. தொழிலாளி வாயில் அது தமிழாகவே புழங்குகிறது. ‘இணைப்பாணி’யைவிட அது ஆயிரம் மடங்கு மேல். எழுத்தில் தறையாணி என்றும் தறைத்தல் என்றும் எழுதுங்கள். மறுபுறம் கை நுழையாத இடங்களில், நடுக்கம்பியை இழுத்து இறுக்கி, இறுகியதும் கம்பி முறிந்துகொள்ளும் வகை ஒன்று உண்டு. பட்டறையில் பாப் ரிவிட் என்பார்கள். அதைக் ‘குருட்டு ஆணி’ என்று எழுதுகிறார்கள். ஆணிக்கு ஏது கண்? ஒரே பக்கத்திலிருந்து தறைப்பதால் அது ஒருபக்கத் தறையாணி.