ஷட்கம், அறுவர், ஆறாறு

ஆறு உருப்படி சேர்ந்த தொகுதியை வடமொழியில் ஷட்கம் என்பார்கள். ஷட் என்றால் ஆறு. பகவத் கீதையின் 18 அத்தியாயங்களை மூன்றாகப் பங்கிட்டு, ஒவ்வொரு பங்கையும் ஒரு ஷட்கம் என்று சொல்வது வழக்கம். சண்முகத்தில் இருப்பதும் அதே ஷட் தான். சஷ்டியில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். ஆறாவது திதிக்கும் அறுபதுக்கும் வடமொழியில் வேறு வேறு சொல்; தமிழில் எழுதும்போது இரண்டும் சஷ்டி ஆகிவிடுகிறது. கந்த சஷ்டி ஆறாம் திதி. சஷ்டியப்த பூர்த்தி அறுபது ஆண்டு நிறைவு.

சரி, ஷட்கத்துக்குத் தமிழில் என்ன? எல்லா இடத்துக்கும் ஒரே சொல்லைத் தேட வேண்டியதில்லை. ஆட்கள் என்றால் அறுவர். பொருள் என்றால் ஆறு குறுகி ‘அறு’ என்று முன்னால் ஒட்டிக்கொள்ளும்: அறுகோணம், அறுபடைவீடு, யாப்பில் அறுசீர். அறுசுவையும் அப்படித்தான்.

ஆறு ஆறாகப் பிரிப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். பாம்பன் பக்கம் கரையில் மீன் விற்கிறவர்கள் நகரை என்ற மீனைச் சாக்கில் கொட்டி, ஒரே அளவாகப் பொறுக்கிக் கூறு வைப்பார்கள். “அக்கா, ஆறாறா கூறு வைங்க” என்றால் போதும், ஒவ்வொரு கூறிலும் ஆறு மீன் இருக்கும். கூறு என்றால் பங்கு, அவ்வளவுதான். எண்ணிக்கையைச் சொல்வது ஆறாறு.

இதற்கு நன்னூலில் விதியே உண்டு. ஒன்பது தவிர மற்ற எண்கள் இரட்டிக்கும்போது முதல் எண்ணில் முதல் எழுத்து மட்டும் நிற்கும், நெடில் என்றால் குறுகிவிடும், மற்றவை போய்விடும். பின்னால் உயிர் வந்தால் வகரம் இரட்டிக்கும், மெய் வந்தால் அந்த மெய்யே இரட்டிக்கும். பத்தும் பத்தும் பப்பத்து, மூன்றும் மூன்றும் மும்மூன்று. அந்தக் கணக்கில் ஆறும் ஆறும் சேர்ந்தால் அவ்வாறு! ‘அப்படி’ என்ற பொருளில் நாம் தினமும் எழுதும் அவ்வாறு வேறு. அது அ (அந்த) + ஆறு, அங்கே ஆறு என்றால் வழி. இலக்கணப்படி இரண்டுமே சரியானவை. ஆனாலும் இன்று “மீனை அவ்வாறு வைத்தார்” என்று எழுதினால் ஆறாறாக வைத்தார் என்று யாரும் படிக்கமாட்டார்கள். அதனால் எழுத்திலும் ஆறாறு என்றே எழுதலாம். மாணவர்களைக் குழு பிரிக்கிறீர்களா? “ஆறாறு பேராக நில்லுங்கள்” என்று சொல்லுங்கள். ஒவ்வொரு குழுவையும் அறுவர் குழு என்று குறிப்பிடுங்கள்.