பருவம் முற்ற முற்ற இறுகும் தடுப்பாட்டம்

2024 ஜனவரி 16 அன்று, ஆப்பிரிக்க நாடுகள் கோப்பைக் கால்பந்துத் தொடரில் தன் முதல் ஆட்டத்தில், தென்னாப்பிரிக்க அணி மாலியிடம் 0-2 என்று தோற்றது. அதன் பின் அந்தத் தொடரில் ஆடிய ஆறு ஆட்டங்களில், கூடுதல் நேரங்களையும் சேர்த்து, நம் அணி வாங்கியது ஒரே ஒரு கோல். அதுவும் அரையிறுதியில் நைஜீரியா அடித்த பெனால்டி. காலிறுதியில் கேப் வெர்டேக்கு எதிராக சமநிலையை முறிக்க அடிக்கப்பட்ட பெனால்டிகளில் நான்கைக் கோல்கீப்பர் ரான்வென் வில்லியம்ஸ் தடுத்ததைப் பற்றித்தான் டர்பனில் அப்போது எல்லோரும் பேசினோம். அந்தப் புகழுக்கு அவர் முழுத் தகுதி உடையவர். ஆயினும் அவருக்கு முன்னால் நின்ற பின்வரிசை ஆட்டத்துக்கு ஆட்டம் இறுகிக்கொண்டே போனதை நாம் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் எண்ணம். அந்த வரிசையில் பெரும்பாலோர் மாமெலோடி சன்டவுன்ஸ் கிளப்பில் ஏற்கெனவே ஒன்றாக ஆடிவந்தவர்கள். ஒரு தடுப்பாட்டம் நாளடைவில் எப்படித் தேறுகிறது என்ற கேள்விக்கான விடையில் பாதி அந்தச் செய்தியிலேயே இருக்கிறது.

நம் நாட்டு முதல்நிலை லீக்கில் 16 அணிகள். ஒவ்வொன்றும் ஆகஸ்ட் முதல் மே வரை 30 ஆட்டங்கள் ஆடுகின்றன. இந்தக் கால அளவில் 28 வயதான ஒரு பின்கள வீரரின் ஓட்டவேகமோ தாவும் உயரமோ குறிப்பிடும்படி கூடிவிடுவதில்லை. ஆகஸ்டில் இருந்த அதே கால்கள்தான் மே மாதத்திலும் இருக்கின்றன. மாறுவது ஒரு வீரரின் அசைவுக்கும் அடுத்தவரின் அசைவுக்கும் இடையே கழியும் நேரம்.

அந்த நேரம் எவ்வளவு விலைமதிப்புள்ளது என்பதை ஒரு சிறு கணக்கால் அறியலாம். கண் ஒன்றைக் கண்டு, மூளை அதை உணர்ந்து, உடல் அசையத் தொடங்க ஏறத்தாழ 0.2 நொடி ஆகிறது. பயிற்சியால் இதைப் பெரிதாகக் குறைத்துவிட முடியாது. நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் ஓடிவரும் முன்கள வீரர் அந்த இடைவெளியில் 1.6 மீட்டர் கடந்துவிடுகிறார். பந்து தட்டப்படும்போது தாக்குபவர் பின்வரிசையைத் தாண்டி நின்றாரா என்னும் ஆஃப்சைடு தீர்ப்பு ஒரு தோளின் அகலத்தில் மாறக்கூடிய ஆட்டத்தில் 1.6 மீட்டர் என்பது பெருந்தொலைவு. பக்கத்தில் நிற்பவர் முன்னேறுவதைப் பார்த்துவிட்டுத் தானும் முன்னேறும் வீரர் அந்த 0.2 நொடியை இழந்தே தீர்வார். அவரைப் பார்த்து நகரும் அடுத்தவர் இன்னொரு 0.2 நொடியை இழப்பார். நால்வர் கொண்ட பின்வரிசை இப்படிச் சங்கிலிபோல் நகர்ந்தால், முதலாமவர் கிளம்பி அரை நொடிக்கும் மேல் சென்ற பிறகே நான்காமவர் கிளம்புவார். கோலாட்டத்தில் எதிரே ஆடுபவரின் குச்சி வருவதைப் பார்த்த பிறகு தன் குச்சியை உயர்த்துபவர் தாளத்தைத் தவறவிடுவது போன்றதுதான் இது. நால்வரும் ஒரே நேரத்தில் நகர வேண்டுமானால், நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்து நகராமல், ஒரே பொதுக் குறிப்பைப் பார்த்து நகர வேண்டும்.

அந்தக் குறிப்புகள் பந்தின் நிலையிலும் பந்தை வைத்திருப்பவரின் உடலிலும் இருக்கின்றன. எதிரணி பந்தைப் பின்னோக்கித் தட்டினால் வரிசை முன்னேறலாம். பந்தை வாங்கியவர் நம் கோலுக்கு முதுகு காட்டி நின்றால் நெருங்கலாம். அவர் தலை நிமிர்ந்து, காலைப் பின்னிழுத்து, நீண்ட பந்து அடிக்க ஆயத்தமானால் உடனே பின்வாங்க வேண்டும். பயிற்சியாளர் இவற்றையெல்லாம் முதல் வாரத்திலேயே கரும்பலகையில் எழுதிக் காட்டிவிடலாம். ஆனால் அறிந்திருப்பது வேறு, ஆட்டத்தின் வேகத்தில் கண்ணில் படுவது வேறு.

இந்த வேறுபாட்டை முதலில் தெளிவாகக் காட்டியது சதுரங்கம். 1973இல் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் என்னும் இரு ஆய்வாளர்கள், சதுரங்க வல்லுநர்கள் உண்மையான ஆட்டநிலையைச் சில நொடிகள் பார்த்தாலே காய்களின் இடங்களைப் பெருமளவு நினைவுகூர்கிறார்கள் என்றும், காய்களைத் தாறுமாறாக வைத்தால் அந்த மேன்மை பெரும்பாலும் மறைந்துவிடுகிறது என்றும் கண்டார்கள். வல்லுநரின் கண் தனித்தனிக் காய்களைப் பார்ப்பதில்லை. பழகிய அமைப்புகளைப் பார்க்கிறது. கால்பந்து வீரர்களிடமும் இதையொத்த திறன் பின்னர் காணப்பட்டது. பின்கள வீரர் இத்தகைய அமைப்புகளை இரு பக்கத்திலும் பழக வேண்டியிருக்கிறது என்பதே இதில் எனக்கு மிகவும் வியப்பூட்டுவது: எதிரணியின் தாக்குதல் எந்த வடிவில் வரும் என்பதோடு, தன் இடப்பக்கத்தில் நிற்பவர் எப்போது உள்ளே ஒடுங்குவார், கோல்கீப்பர் எவ்வளவு தூரம் வெளியே வருவார் என்பதையும் அவர் அறிய வேண்டும். இரண்டாவது வகை அறிவு சொல்லிக் கொடுத்து வருவதன்று. சேர்ந்து ஆடித்தான் வருகிறது. டர்பனின் சாட்ஸ்வர்த், பீனிக்ஸ் பகுதி மைதானங்களில் வேலைநாள் முடிந்து வந்து ஆடும் வார இறுதி அணிகள் முதல் சில வாரங்களில் கோல்களை வாரி வழங்குவதற்கு இது முக்கியக் காரணம்: அவர்களுக்குக் கூட்டுப் பயிற்சிக்கு நேரம் குறைவு, ஆட்டமே பயிற்சியாகிறது.

முன்னேற்றம் ஏன் திடீரென்று வந்ததுபோல் தோன்றுகிறது என்பதற்கும் கணக்கில் விடை உண்டு. தாக்குதலில் ஒருவரின் திறமையே கோலுக்குப் போதும். தடுப்பில் ஒருவரின் பிழையே கோலுக்குப் போதும். நால்வரில் ஒவ்வொருவரும் 100க்கு 95 முறை சரியான நேரத்தில் நகர்வதாகக் கொண்டால், நால்வரும் ஒருங்கே சரியாக நகர்வது 100க்கு ஏறத்தாழ 81 முறைதான். அதே நால்வர் 98 முறை சரியாக நகரும் நிலையை எட்டினால், வரிசை முழுவதும் சரியாக அமைவது 92 முறையாகிறது. தனியொருவரிடம் கூடியது மூன்று சதவீதப் புள்ளிகள்; வரிசை பிளவுபடும் வாய்ப்போ பாதிக்கும் கீழாகக் குறைந்துவிட்டது. பார்வையாளர் மாடத்திலிருந்து பார்ப்பவருக்கு, அந்த வீரர்கள் புதிய ஆட்களாக மாறிவிட்டதுபோல் தெரியும்.

நம் நாட்டில் இன்னொரு பாடமும் உண்டு. ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கே காற்றின் அடர்த்தி கடலோர டர்பனைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. உயர அடித்த பந்து அங்கே காற்றால் குறைவாகத் தடுக்கப்பட்டு, கூடுதல் தூரம் சென்று விழுகிறது. கடற்கரையில் பழகிய பின்கள வீரர் தலையால் முட்ட நிற்கும் இடத்தைத் தாண்டிப் பந்து போய்விடும். மேட்டுநிலத்தில் சில ஆட்டங்கள் ஆடிய பிறகே அந்தக் கணிப்பு திருந்துகிறது.

இத்தனையும் சொன்ன பிறகு ஓர் எச்சரிக்கை அவசியம். வாங்கிய கோல்களின் எண்ணிக்கை மட்டும் குறைந்தால் அதைத் தேர்ச்சி என்று முடிவு கட்டக் கூடாது. ஆட்டத்துக்குச் சராசரியாக 1.2 கோல் வாங்கும் அணி, 15 ஆட்டங்களில் 18 கோல்கள் வாங்கும் என்று எதிர்பார்ப்போம். அணியின் தரம் சற்றும் மாறாவிட்டாலும், தற்செயலின் விளைவாக அந்த எண் 14க்கும் 22க்கும் இடையே எங்கும் எளிதாக அமையலாம். முதல் பாதியில் 22, இரண்டாம் பாதியில் 14 என்று வந்தால் செய்தித்தாள்கள் பயிற்சியாளரைக் கொண்டாடும். ஆனால் நடந்தது வெறும் தற்செயலாகவும் இருக்கலாம். ஆகவே எதிரணிக்குக் கிடைத்த ஷாட்டுகளை எண்ணுவது நல்லது. ஆட்டத்துக்கு 12 ஷாட் என்றால் 15 ஆட்டங்களில் 180. அந்த எண்ணில் தற்செயலால் வரும் ஏற்ற இறக்கம் ஏழு சதவீதம் அளவுதான், கோல்களிலோ அது 24 சதவீதம் அளவு. ஷாட்டுகளும் குறைந்து, அவை அடிக்கப்படும் இடங்களும் கோலிலிருந்து விலகிப் போனால், வரிசை மெய்யாகவே பழகிவிட்டது என்று நம்பலாம்.

ஜனவரியில் வீரர் மாற்றச் சந்தை திறக்கும்போது நடுப் பின்களத்துக்குப் புதியவர் ஒருவரை வாங்கும் அணி, அவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், இந்தப் பழக்கத்தின் ஒரு பகுதியை இழக்கிறது. நால்வர் வரிசையில் பக்கத்துக்குப் பக்கம் மூன்று இணைகள் உள்ளன. நடுவில் நிற்பவர் மாறினால் அவற்றில் இரண்டு புதிதாகத் தொடங்க வேண்டும், ஓரத்தில் நிற்பவர் மாறினால் ஒன்று மட்டுமே.