மில்லை ஓடவிட்டுப் பார்க்கும்போது கை போனால்

காலபோக அறுவடை நெருங்கினால் இலங்கையின் வன்னியில் நெல்லு மில்களைத் திருத்தி ஓடவிட்டுப் பார்ப்பார்கள். பெல்ட் நேராக ஓடுகிறதா என்று தெரிய மூடியைக் கழற்றி வைத்திருப்பார்கள். ஒருவர் சுவிட்சடியில் நிற்க, மற்றவர் குனிந்து சக்கரத்துக்குப் பக்கத்தில் பார்ப்பார். சட்டைக்கை பெல்ட்டில் பட்டால் போதும், சுவிட்சை நிறுத்துவதற்குள் கை உள்ளே போய்விடும்.

அப்புறம் முதலாளி, "மில் இன்னும் தொடங்கவே இல்லை, சும்மா சோதித்துப் பார்த்ததுதானே" என்பார். அதை நம்பாதீர்கள். வேலையின்போது, வேலையின் காரணமாகக் காயம் வந்ததா என்பதைத்தான் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் பார்க்கிறது. சோதனை ஓட்டமும் வேலைதான். நாட்கூலி என்றாலும், நியமனக் கடிதம் இல்லை என்றாலும் உரிமை உண்டு. மில்காரர் தன் தொழிலுக்காக ஒப்பந்தக்காரரிடம் கொடுத்த வேலையில் ஒப்பந்தக்காரருடைய ஆள் காயப்பட்டால், அந்த ஆள் மில்காரரிடமே நட்டஈடு கேட்கலாம்.

தொகை சம்பளத்தையும் காயத்தையும் பொறுத்தது. 2022 திருத்தத்தில் உச்ச எல்லை 20 இலட்சம் ரூபாவானது. வேலைக்குப் போய்வரும் வழியில் நடக்கும் விபத்தும் அந்தத் திருத்தத்தில்தான் சேர்ந்தது.

குடித்திருந்தால் உரிமை போகலாம். பாதுகாப்பு மூடியை வேண்டுமென்றே தானாகக் கழற்றினாலும் அப்படித்தான். அதனால் மூடியைக் கழற்றச் சொன்னது யார் என்பது விசாரணையில் பெரிய கேள்வி. பக்கத்தில் நின்றவர்களின் பெயரை அன்றைக்கே எழுதி வையுங்கள்.

எனக்கு வயிறு எரிவது இன்னொன்றில். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கே வந்து கொஞ்சக் காசைக் கொடுத்து, "இனி ஒன்றும் கேட்கமாட்டேன்" என்று கையெழுத்து வாங்குகிறார்கள். நட்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் சட்டத்தில் செல்லாது. கையெழுத்து வைத்துவிட்டவரும் தொழில் திணைக்கள அலுவலகத்துக்குப் போகலாம், வவுனியாவில் இருக்கிறது. கோரிக்கையைத் தீர்ப்பவர் கொழும்பிலுள்ள நட்டஈட்டு ஆணையாளர். விபத்து நடந்து இரண்டு வருடத்துக்குள் கோர வேண்டும்.

நெல் அவிக்கும் கொதிகலன் என்றால் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமும் வரும். அதிகாரம் பெற்ற அலுவலர் அதைக் காலத்துக்குக் காலம் பரிசோதிக்க வேண்டும். கடைசிச் சான்றிதழ் எங்கே என்று கேளுங்கள்.

ஆஸ்பத்திரியில் முதலாளிக்காக "வீட்டில் விழுந்துவிட்டேன்" என்று சொல்லாதீர்கள். ஆஸ்பத்திரி தரும் டயக்னோசிஸ் கார்டில் அதுதான் எழுதப்படும், பிறகு அதை மாற்றப் பெரும் பாடு.