என்ஜின் வேலை பார்த்த வண்டி புகை தள்ளுதா? டர்போவை மாற்றும் முன் இதைப் படியுங்கள்

போன வாரம் கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கத்திலிருந்து ரப்பர் ஷீட் ஏற்றும் ஒரு பிக்கப் என் ஷெட்டுக்கு வந்தது. வேறு ஒரு இடத்தில் என்ஜினை இறக்கி, போர் அடித்து (சிலிண்டர் துளையைக் கடைந்து), பிஸ்டன், ரிங் எல்லாம் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். வேலை முடிந்து வெளியே வந்த நாளிலிருந்தே நீலப் புகை. "டர்போ போச்சு" என்று சொல்லி டர்போவை, அதாவது புகையின் வேகத்தில் சுற்றி என்ஜினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் பாகத்தை, மாற்றியிருக்கிறார்கள். புகை நிற்கவில்லை. "போட்ட டர்போ சரியில்லை" என்று இன்னொன்று. அதற்கும் நிற்கவில்லை. என்னிடம் வந்தபோது அந்தப் பையன் அடுத்த டர்போவுக்கு வீட்டு நகையை அடகு வைக்கும் யோசனையில் இருந்தான். "எல்லாரும் டர்போ டர்போன்னுதாண்ணே சொல்லுதாவ, நான் என்னதான் செய்ய?"

நான் கழற்றியது ஒரே ஒரு பைப். டர்போவின் அடியிலிருந்து, என்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் சம்புக்கு ஆயில் இறங்கும் ரிட்டர்ன் பைப். சுண்டுவிரல் தாராளமாக நுழைய வேண்டிய வாய் அது. கேஸ்கட் வைக்காமல் பேஸ்ட்டைப் பூசி முறுக்கியிருக்கிறார்கள். அது உள்பக்கம் பிதுங்கிக் காய்ந்து, சிவப்பாக ஒரு வளையம் மாதிரி தொங்கியது. நடுவில் பேனா ரீஃபில் போகும் அளவுக்குத்தான் வழி. அதைச் சுரண்டி எடுத்து, ஒழுங்கான கேஸ்கட் வைத்து மாட்டினேன். இரண்டு டர்போவுக்குக் கொடுத்த பணம் போனது போனதுதான்.

இதே கதையோடு வண்டிகள் வந்துகொண்டே இருக்கின்றன. அதனால்தான் எழுதுகிறேன்.

டர்போவுக்குள் ரப்பர் ஆயில் சீல் இருக்கிறது, அது கிழிந்தால் ஆயில் வரும் என்றுதான் பெரும்பாலானவர்கள் நினைக்கிறார்கள். மெக்கானிக்குகளும் அப்படித்தான் சொல்கிறார்கள். அப்படி ஒரு சீல் அங்கே கிடையாது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுற்றுகிற, வெந்துகொண்டிருக்கிற ஷாஃப்ட்டில் ரப்பர் எப்படி நிற்கும்? அங்கே இருப்பது பிஸ்டன் ரிங் மாதிரி ஒரு சின்ன உலோக வளையம். அது ஆயிலை அடைத்துப் பிடிப்பதில்லை. இரண்டு பக்கமும் காற்றழுத்தம் உள்ளே தள்ள, நடுவில் இருக்கும் ஆயில் தன் எடையில் கீழே இறங்கிக்கொண்டே இருக்க, மீதியை மட்டும் அந்த வளையம் பார்த்துக்கொள்கிறது. ஆயிலை மேலே அனுப்புவது பம்ப். கீழே இறக்குவதற்கு எந்தப் பம்ப்பும் இல்லை. சும்மா வழிந்துதான் இறங்க வேண்டும்.

இறங்கும் வழி அடைபட்டால் ஆயில் நடுவில் தேங்கும். தேங்கினால் இரண்டு பக்கமும் வழியும். ஒரு பக்கம் சைலன்சருக்கு, மறுபக்கம் டர்போ தள்ளும் காற்றை ஆற்றும் இன்டர்கூலருக்கு. கம்பெனி டர்போ, புதுசு, பழசு, எதைப் போட்டாலும் அந்த வழியில் ஆயில் வரத்தான் செய்யும். ரிட்டர்ன் பைப் நசுங்கினாலும், மடிந்தாலும் இதே கதி. சம்பில் ஆயில் அளவுக்கு மேல் ஊற்றி, பைப்பின் வாய் ஆயிலுக்குள் முங்கிக் கிடந்தாலும் இதுதான். புது என்ஜினாச்சே, அரை லிட்டர் கூடக் கிடக்கட்டும் என்று ஊற்றுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. டிப்ஸ்டிக்கில் மேல் கோடு போட்டிருப்பது அதற்கு மேல் போகாதே என்று சொல்லத்தான்.

ரிட்டர்ன் பைப் சுத்தமாக இருந்தால் அடுத்து பிரீதர், என்ஜினுக்குள் சேரும் புகை வெளியேறும் வழி. என்ஜின் ஸ்லோவில் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல்) ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திருகிக் கழற்றி, தலைகீழாக அந்த வாயிலேயே வைத்துப் பாருங்கள். லேசாக அசைந்தால் சரி. குதித்துக் கீழே விழுந்தால் சம்புக்குள் அழுத்தம் இருக்கிறது. அந்த அழுத்தம் டர்போவிலிருந்து இறங்கும் ஆயிலைத் தடுக்கும். பிரீதர் அடைத்திருக்கலாம், அல்லது ரிங் வழியாகக் கம்பிரஷன் (சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம்) கீழே இறங்கலாம். பிரீதர் ஹோஸை ஏர் பைப்பிலிருந்து எடுத்து ஒரு பாட்டிலுக்குள் விட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டினால் தெரிந்துவிடும்: புகை குறைந்து பாட்டிலில் ஆயில் சேர்ந்தால், குற்றம் என்ஜினில்.

அப்படியானால் டர்போ கெடவே கெடாதா? கெடும். என்ஜின் ஆறிய பிறகு ஏர் ஹோஸைக் கழற்றி, ஷாஃப்ட் நுனியை இரண்டு விரலால் பிடித்துப் பாருங்கள். பக்கவாட்டில் ஒரு நூலிழை ஆடுவது இயல்பு. ஆயில் நிற்கும் இடைவெளி அது. முன்னும் பின்னும் இழுக்கும்போது கைக்கு ஆட்டம் தெரிந்தாலோ, இறக்கைகள் கூட்டில் உரசிய தடம் இருந்தாலோ மாற்றுங்கள், நான் தடுக்கவில்லை. ஹோஸுக்குள் லேசான ஆயில் பிசுக்கைப் பார்த்துவிட்டு மாற்றாதீர்கள். பிரீதர் புகை போகிற வழியில் அது இருக்கத்தான் செய்யும்.

புகை எப்போது வருகிறது என்று கவனித்துவிட்டு வாருங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். ஸ்லோவில் நின்றால் நீலமாக வந்து, லோடில் ஓடும்போது தெளிந்தால் முதலில் ரிட்டர்ன் பைப்பையும், வால்வு தண்டு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வு சீலையும் சந்தேகப்படுவேன். காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் குப்பென்று ஒரு நீலம் வந்து நின்றால் வால்வு சீல். ஆரல்வாய்மொழி தாண்டி லோடோடு போகும்போது பின்னால் நீலம் கட்டினால் ரிங், போர். வெள்ளையாக வந்து ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால் ஹெட் கேஸ்கட். அதற்கு மேல் ஸ்டார்ட் போட்டு இழுக்காதீர்கள், சிலிண்டரில் தண்ணீர் நின்றால் கனெக்டிங் ராட் வளையும். வெள்ளைப் புகையில் கண் எரிகிற டீசல் நெடி அடித்தால் டீசல் தெளிக்கும் நாசில் அல்லது கம்பிரஷன். கறுப்பு என்றால் முதலில் இன்டர்கூலர் ஹோஸும் கிளாம்பும். என்ஜினை இறக்கி ஏற்றும்போது முறுக்க மறந்த ஒரு கிளாம்ப் போதும், காற்று வெளியே போய் வண்டி கரியாகக் கக்கும்.

வீடியோ பார்க்கிற பிள்ளைகள் சிலர், டர்போ என்ஜின் ஆயில் எரிப்பது சகஜம்தானே என்று கேட்கிறார்கள். அவர்கள் பார்ப்பது மஸ்டா ஆர்.எக்ஸ்-7 மாதிரி ரோட்டரி என்ஜின். அதில் பிஸ்டனே கிடையாது. முக்கோண ரோட்டரின் முனை சீல் தேயாமல் இருக்க, கொஞ்சம் ஆயிலை உள்ளே செலுத்தி எரிய விடுவதுதான் அதன் அமைப்பே. உங்கள் பிக்கப்புக்கு அந்தக் கணக்கு செல்லாது.

இனி, இந்த மாவட்டத்தில் நல்ல போரையெல்லாம் பாழாக்கும் பழக்கத்துக்கு வருகிறேன். "புது ரிங், செட்டாகட்டும்" என்று ராத்திரி முழுக்க ஸ்லோவில் ஓட விடுவது. தயவுசெய்து நிறுத்துங்கள். ரிங்கைப் போரோடு சேர்த்து அழுத்துவது சிலிண்டரில் எரியும் வாயுவின் அழுத்தம். ஸ்லோவில் அது கிடையாது. போரைத் தேய்க்கும் ஹோனிங்கில் போட்ட குறுக்குக் கோடுகளில் ஆயில் வெந்து படிந்து, போர் கண்ணாடி மாதிரி வழவழத்துப் போகும். அதன்பின் ரிங் ஒருநாளும் உட்காராது. மறுபடி இறக்கி ஹோனிங் பண்ணியே ஆகவேண்டும். ஆயில் அழுத்தம் வருகிறதா, எங்காவது ஒழுகுகிறதா என்று பார்த்து, சூடானதும் ரோட்டுக்கு எடுங்கள். மார்த்தாண்டத்திலிருந்து அருமனை, குலசேகரம் என்று ஏறி இறங்கும் ரோடு இதற்கு ரொம்ப நல்லது. பாதி லோடு, மாறி மாறி வேகம். ஆக்சிலேட்டரை ஒரேயடியாக அமுக்கவும் வேண்டாம், டாப் கியரில் திணற விடவும் வேண்டாம். முதல் ஆயிலையும் ஃபில்டரையும் ஆயிரம் கிலோமீட்டருக்குள் மாற்றிவிடுவது என் வழக்கம்.

குளச்சல், தேங்காப்பட்டணம், முட்டம் பக்கம் விசைப்படகு வைத்திருப்பவர்களுக்கும் இதெல்லாம் பொருந்தும்.

ஒரு விஷயத்தைப் பயமுறுத்தியே சொல்கிறேன். டர்போ பக்கம் ஆயில் நிறைய ஒழுகினால், டீசல் என்ஜின் அந்த ஆயிலையே எரிபொருளாகக் குடித்துத் தானாக வேகம் ஏறும். சாவியை அணைத்தாலும் நிற்காது. சுற்றிலும் புகை, காதைக் கிழிக்கும் சத்தம். கியர் வண்டியானால் பிரேக்கை முழுதாக மிதித்து, டாப் கியர் போட்டு, கிளட்சை விட்டு என்ஜினை அமுக்கி நிறுத்துங்கள். முடியாவிட்டால் எல்லாரும் தள்ளிப் போய்விடுங்கள். ஏர் பைப்பைக் கையால் மூடப் போகாதீர்கள், துணியையும் திணிக்காதீர்கள், உள்ளே இழுத்துவிடும். வண்டி போனால் வாங்கிக்கொள்ளலாம்.

ஷெட்டுக்குள் ஷட்டரை இறக்கிவிட்டு ரேஸ் பண்ணிப் புகை பார்க்கும் தம்பிகளிடம் ஒரு வேண்டுகோள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2012-இலேயே டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்குவது என்று முதல் பிரிவில் வைத்துவிட்டது. மழையானாலும் வண்டியை வெளியே தள்ளிப் பாருங்கள் மக்கா.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிக்காரர்கள் இன்னும் கவனம். சைலன்சர் வழியில் இருக்கும் கரி ஃபில்டர் புகையை மறைத்துவிடும், ஆயில் மட்டும் குறைந்துகொண்டே போகும். எரிந்த ஆயிலின் சாம்பல் அந்த ஃபில்டரில் தங்கினால் ஃபில்டர் தன் கரியைத் தானாக எரித்துச் சுத்தமாகும்போதும் அந்தச் சாம்பல் போகாது. ஃபில்டரையே மாற்ற வைக்கும். வாரம் ஒருமுறை டிப்ஸ்டிக்கைப் பார்த்து எழுதி வையுங்கள். வண்டிப் புத்தகத்தில் சொன்ன ஆயிலைத் தவிர வேறு எதையும் ஊற்றாதீர்கள்.

பழுதைச் சரிசெய்த பிறகும் சில நாள் புகை வரலாம். இன்டர்கூலரிலும் சைலன்சரிலும் தேங்கிய பழைய ஆயில் எரிந்து தீர வேண்டும். இன்டர்கூலரைக் கழற்றிக் கவிழ்த்து வடித்துக் கழுவச் சொல்லுங்கள். அதைச் செய்யாத வண்டிதான் "சரியாகல" என்று திரும்பி வருகிறது. அந்தப் பிக்கப்பில் ஒரு தம்ளர் நிறைய வந்தது.

புகைக்காக என்னிடம் வருகிறவர்கள் சாயங்காலமே வண்டியை விட்டுவிட்டுப் போங்கள். சூடான என்ஜினை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினால் எனக்குப் பாதிதான் தெரியும். காலையில் முதல் ஸ்டார்ட்டை நான் பார்க்க வேண்டும். மாற்றிய பழைய டர்போ வீட்டில் கிடந்தால் அதையும் கையோடு எடுத்து வாருங்கள். ஷாஃப்ட் முன்னும் பின்னும் ஆடாமல், இறக்கை உரசாமல் இருந்தால் அதையே கழுவி மாட்டிக்கொள்ளலாம்.