ஜர்னல்னா தமிழ்ல என்ன? நாளேடா, இதழா, ஆய்விதழா?

அக்கா பொண்ணு இங்க பெங்களூருல பயாலஜில பிஹெச்டி பண்றா. போன மாசம் "சித்தி, பேப்பர் அக்செப்ட் ஆயிடுச்சு"ன்னு ஓடி வந்தா, எங்கம்மா உடனே "எந்தப் பேப்பர்ல கண்ணு, தந்திலயா, நாளைக்கே வந்துருமா"ன்னு கேட்டாங்க. இல்ல பாட்டி ஜர்னல்லன்னு அவ சொல்ல, அப்படின்னா என்னன்னு அம்மா கேக்க, அதுக்கு ஒரு தமிழ்ச்சொல்லு அவ வாய்லயும் வரல, என் வாய்லயும் வரல. அது மனசுல உறுத்திக்கிட்டே இருந்துச்சு, அதான் எழுதுறேன்.

ஜர்னல்ங்கிறது பிரெஞ்சு வழியா வந்த சொல்லு. லத்தீன்ல டியெஸ்னா நாள், அதுலருந்து டியுர்னாலிஸ், அதாவது நாளுக்குரியது, அதுதான் பிரெஞ்சுல ஜூர்னால் ஆச்சு. டயரிங்கிற சொல்லுக்கும் அதே டியெஸ்தான் வேர். காமர்ஸ் படிச்சவங்களுக்குத் தெரியும், அன்னன்னைக்கு நடந்த வரவு செலவ மொதல்ல எழுதுற புக்கு ஜர்னல், தமிழ் மீடியம் பாடத்துல அது குறிப்பேடு, லெட்ஜர்தான் பேரேடு. மும்பைல காலேஜ் பசங்க ப்ராக்டிக்கல் நோட்டையே ஜர்னல்னுதான் சொல்லுவாங்க, நம்ம ஊர் ரெக்கார்டு நோட்டு மாதிரி.

அப்போ நேரா நாளேடுன்னு சொல்லிடலாமேன்னா, முடியாது. 1665 ஜனவரி 5ல பாரிஸ்ல ஜூர்னால் தே சாவான் (அறிஞர்களோட ஜர்னல்னு அர்த்தம்) வந்தப்பவே அது வாராவாரம் வந்ததுதான், பேருலதான் நாள் இருந்துச்சு. அதே வருஷம் மார்ச் 6ல லண்டன்ல ராயல் சொசைட்டிங்கிற அறிவியல் சங்கத்தோட செயலாளர் ஹென்றி ஓல்டன்பர்க் ஃபிலசாஃபிக்கல் ட்ரான்சாக்ஷன்ஸ ஆரம்பிச்சாரு, அதோட பேருல ஜர்னலே கெடையாது, ஆனா இன்னிக்கு நாம ஜர்னல்னு சொல்றது பெரும்பாலும் அந்த வழில வந்ததுதான். ஒரு விஷயத்த யாரு மொதல்ல கண்டுபிடிச்சாங்கன்னு தேதியோட பதியறது, கூட இருக்கிற துறை ஆளுங்ககிட்ட குடுத்து சரியான்னு பாக்கச் சொல்றது, பின்னாடி வர்றவங்க எடுத்துப் பாக்கிற மாதிரி காப்பாத்தி வைக்கிறது, இதெல்லாம் கொஞ்சங் கொஞ்சமா சேந்து ஜர்னலோட வேலையாச்சு. இப்பவும் கட்டுரைல எப்ப வந்து சேந்துச்சு, எப்ப திருத்துனாங்க, எப்ப ஏத்துக்கிட்டாங்கன்னு தேதி போடுவாங்க, அந்தப் பழைய 'நாள்' அங்கதான் ஒட்டிக்கிட்டு இருக்குன்னு எனக்குத் தோணும்.

காப்பாத்தி வைக்கிறதுன்னு சொன்னேன்ல, அதுக்கு நம்ம பெங்களூருலயே ஒரு உதாரணம் இருக்கு. ஜர்னல் ஆஃப் ஜெனட்டிக்ஸ், 1910ல இங்கிலாந்துல பேட்சனும் பன்னெட்டும் ஆரம்பிச்சது. ஜெனட்டிக்ஸ்ங்கிற சொல்ல உருவாக்குனதே அந்த பேட்சன்தான், ஸ்கூல்ல கட்டம் போட்டுப் படிச்சோமே பன்னெட் கட்டம், அது இந்தப் பன்னெட்டோடது. அப்புறம் அது ஜே.பி.எஸ். ஹால்டேன்ங்கிற பிரிட்டிஷ் மரபியல் விஞ்ஞானி கைக்கு வந்துச்சு, அவரு 1957ல இந்தியாவுக்கே குடிவந்தப்ப ஜர்னலையும் கூடவே கொண்டுவந்துட்டாரு, நெனச்சுப் பாருங்க, ஒரு மனுஷன் மூட்ட முடிச்சோட ஒரு ஜர்னலையும் கட்டிக்கிட்டு வர்றது! 1964ல அவரு போனப்புறம் அவரு மனைவி ஹெலன் ஸ்பர்வே 1977 வரைக்கும் விடாம நடத்துனாங்க, அதோட நின்னுபோச்சு. 1985ல இந்திய அறிவியல் அகாடமி அதுக்குத் திரும்ப உயிர் குடுத்துச்சு, சதாசிவநகர்ல இருக்கே, 1934ல சி.வி. ராமன் ஆரம்பிச்சது, அதே அகாடமிதான். அவங்களே 1979லருந்து ஜர்னல் ஆஃப் பயோசயின்சஸ்னு இன்னொண்ணும் நடத்துறாங்க. அந்தப் பக்கம் பஸ்ல போறப்பல்லாம் எனக்கு ஹெலன் ஸ்பர்வே ஞாபகம்தான் வரும், புருஷன் போனப்புறமும் பதிமூணு வருஷம் ஒரு ஜர்னலத் தூக்கிச் சுமக்கிறது சாதாரண காரியமில்ல.

சரி, தமிழுக்கு வருவோம். பத்திரிகைன்னா நம்ம வீடுகள்ல கல்யாணப் பத்திரிகை, இல்லன்னா நியூஸ் பேப்பர். சஞ்சிகைன்னு இலங்கைத் தமிழர்கள் சொல்லுவாங்க, அழகான பழக்கம், ஆனா அது கதை கவிதை வர்ற மேகசீனுக்கும் சேத்துத்தான். ஆய்வேடுங்கிறது தீசிஸுக்குப் போயிடுச்சு, அத ஜர்னலுக்குப் போட்டா படிக்கிறவங்க கொழம்பிடுவாங்க.

மிச்சம் இருக்கிறது இதழ். பூவோட இதழ், ஒதடு, ஓலை, எல்லாத்துக்கும் நம்மகிட்ட இருக்கிற சொல்லு. பழைய தமிழ்ப் பத்திரிகை அட்டைய எடுத்துப் பாருங்க, 'மலர் 3, இதழ் 7'ன்னு இருக்கும், வால்யூம்னா மலர், இஷ்யூன்னா இதழ், ஒரு பூவுக்கு இத்தன இதழ்ங்கிற கணக்கு, எவ்வளவு அழகா யோசிச்சிருக்காங்க! ஆனா சிக்கலும் அங்கயேதான், இஷ்யூவும் இதழ், ஜர்னலும் இதழ்னா 'இந்த இதழோட ஏழாவது இதழ்'னு எழுத வேண்டி வரும். அதனாலதான் ஜர்னலுக்கு ஆய்விதழ்னு முழுசா சொல்லணும்ங்கிறேன், ஜர்னல் ஆஃப் ஜெனட்டிக்ஸ்னா மரபியல் ஆய்விதழ். அதுல வர்ற பேப்பர் ஆய்வுக்கட்டுரை. வெறும் கட்டுரைன்னா ஸ்கூல் கட்டுரை நோட்டு ஞாபகம் வந்துரும்.

அம்மாகிட்ட இதையெல்லாம் சொன்னேன், பொறுமையா கேட்டாங்க. மறுநாள் ஊர்ல இருக்கிற மாமாவுக்கு போன்ல சொல்றாங்க, "பேத்தி எழுதுன ஆய்வுக்கட்டுரை ஆய்விதழ்ல வருதாம்ப்பா, மூணு பேரு படிச்சுப் பாத்து சரின்னு சொல்லிட்டாங்களாம்."