பழைய மெட்டல் டிடெக்டரா, புதியதா? ஆழத்தைக் கேட்காதீர்கள், காயிலைப் பாருங்கள்

போன வாரம் ஒரு தம்பி என் மேசைக்கு ஒரு மெட்டல் டிடெக்டரைக் கொண்டுவந்தார். ஒரு காலத்தில் அதைத் தயாரித்த நிறுவனத்தின் முதல் தர மாடல் அது. புதிதாக வந்தபோது நானே ஆசையோடு பார்த்த கருவி. "பழசுதான், ஆனா நல்லா ஆழம் போகும்னு சொன்னாங்க" என்றார். பேட்டரி அறையைத் திறந்தேன். ஸ்பிரிங்குகளின் மேல் வெள்ளையாகப் பொருக்கு, தொடுதகடுகளில் பச்சை. காயிலுக்கு, அதாவது தரையை ஒட்டி வீசும் வட்டத் தட்டுக்கு, போகும் கேபிளை இரண்டு விரலால் லேசாக வளைத்தேன். பக்கத்தில் எந்த உலோகமும் இல்லாமலேயே கருவி அலறியது.

அவர் அதை வாங்கியது புதையல் தேட அல்ல. அம்மாவின் மோதிரம் தோட்டத்தில் செடி நடும்போது நழுவி விழுந்துவிட்டது. விழுந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. அந்த மோதிரம் புல் வேருக்குள், மிஞ்சிப்போனால் நாலு அங்குலத்துக்குள் கிடக்கும். அதற்குப் போய் "ஆழம் போகும்" கருவி. இந்த மாதத்தில் மட்டும் இப்படி என்னிடம் வந்தவர்களில் இவர் நாலாவது ஆள். இனியும் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் இந்த ஆழம் என்ற பேச்சை முடித்துவிடுவோம். பழையது வாங்குபவர் "அந்தக் காலத்து மெஷின், பவர் ஜாஸ்தி, ஆழம் போகும்" என்கிறார். புதியது வாங்குபவர் "புது டெக்னாலஜி, இரட்டிப்பு ஆழம் போகும்" என்கிறார். இரண்டுமே தவறு. காயில் அனுப்பும் காந்தப்புலம் தூரம் கூடக்கூட மிக வேகமாகத் தேய்கிறது. மண்ணுக்குள் இருக்கும் நாணயம் அதை வாங்கித் திருப்பி அனுப்பும் சிறு புலமும் அதே வேகத்தில் தேய்ந்துதான் மேலே வருகிறது. போகும் வழியில் தூரத்தின் மூன்றாம் அடுக்கு (தூரம் இரட்டித்தால் எட்டில் ஒரு பங்கு), வரும் வழியில் மூன்றாம் அடுக்கு. ஆக, நாணயம் போன்ற சிறிய பொருளுக்கு, காயிலை விட்டு விலக விலக, ஏறக்குறைய ஆறாம் அடுக்கில் சிக்னல் குறைகிறது. ஆழம் இரட்டிப்பானால் திரும்பி வரும் சிக்னல் 64-இல் ஒரு பங்கு. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். 10 அங்குலத்தில் கேட்ட நாணயத்தை 11 அங்குலத்தில் கேட்கவே கிட்டத்தட்ட 1.8 மடங்கு உணர்திறன் வேண்டும். ஒரே ஒரு அங்குலத்துக்கு!

சரி, பவரைக் கூட்டினால் என்ன என்று கேட்பார்கள். கூட்டலாம். ஆனால் மண்ணிலும் இரும்புத் தாது இருக்கிறதே, அதுவும் சேர்ந்து அதே அளவு சத்தம் போடும். நாணயத்தின் குரலை மட்டும் தனியாக உயர்த்த வழியில்லை. அதனால்தான் சாதாரண அளவு காயில் போட்ட நல்ல கருவி எதுவானாலும், 20 ஆண்டு பழையதோ நேற்று வந்ததோ, ஒரு நாணயத்தை ஏறத்தாழ காயிலின் விட்டத்தை ஒட்டிய ஆழத்தில்தான் பிடிக்கிறது. மண் கெட்டதாக இருந்தால் அதுவும் குறையும். 5 அடி, 10 அடி என்று யாராவது ஒரு நாணயத்துக்குச் சொன்னால், தயவுசெய்து அங்கேயே பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

பழைய கருவியைப் புகழ்பவர்கள் எல்லாரும் என்னிடம் ஸ்டாஃபோர்ட்ஷயர் புதையலைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள். உண்மைதான். 2009 ஜூலையில் இங்கிலாந்தில் டெரி ஹெர்பர்ட் என்பவர் ஆங்கிலோ-சாக்சன் காலத்துப் பொன் குவியலைக் கண்டெடுத்தபோது அவர் கையில் இருந்தது 14 ஆண்டு பழைய கருவி. ஆனால் அந்தப் பொன் கிடந்தது உழுத மண்ணில், அதிக ஆழமில்லாமல். அவர் தன் கருவியின் ஒவ்வொரு முனகலையும் பழகி வைத்திருந்தவர். நிலத்துக்காரரிடம் அனுமதி வாங்கித் தேடியவர், கிடைத்ததை முறைப்படி அதிகாரிகளிடம் தெரிவித்தவர். இந்தக் கதையில் எடுத்துக்கொள்ள வேண்டியது இவைதான். இவற்றை விட்டுவிட்டு கருவியின் வயதை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள்.

அப்படியானால் புதியதில் என்னதான் முன்னேறியிருக்கிறது? நிறையவே. ஆனால் ஆழத்தில் அல்ல. ஓர் இலக்கின் (மண்ணில் கிடக்கும் உலோகப் பொருளின்) ஒலி முடிந்து அடுத்த இலக்கைப் பிரித்துக் கேட்கும் வேகம் கூடியிருக்கிறது. ஆணியும் நாணயமும் அருகருகே கிடந்தால் பழைய பல கருவிகளில் ஆணி நாணயத்தை விழுங்கிவிடும். புதியவை பிரித்துச் சொல்கின்றன. பழைய வீட்டு மனை, ஆணியும் தகரமும் நிறைந்த இடம் என்றால் இந்த ஒரு காரணத்துக்காகவே புதியது வாங்கலாம்.

அடுத்தது கடற்கரை. உப்பு நீரில் நனைந்த மணல் மின்சாரத்தைக் கடத்தும். ஒரே அதிர்வெண்ணில் வேலை செய்யும் கருவி உப்புக்கு ஈடு கட்டினால் தாது மணலுக்கு ஈடு கட்ட முடியாது, அதற்குக் கட்டினால் இதற்கு முடியாது. ஈர மணலில் காயிலைத் தூக்கி இறக்கினாலே கத்தும். ஒரே நேரத்தில் பல அதிர்வெண்களை ஒப்பிடும் கருவிதான் அங்கே அமைதியாக இருக்கும். இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. மைன்லேப் நிறுவனத்தின் சாவரின், எக்ஸ்காலிபர், ஃபிஷர் நிறுவனத்தின் சிஇசட் வரிசை எல்லாம் 1990-களிலேயே இதைச் செய்தவை. ஆனால் 2018-இல் மைன்லேபின் எக்வினாக்ஸ் வந்த பிறகுதான் அது எடை குறைந்த, நடுத்தர வகைக் கருவிகளுக்கும் பரவியது. பல்ஸ் இண்டக்‌ஷன் கருவிகளும் (துடிப்புத் துடிப்பாக மின்சாரம் அனுப்பிப் பார்க்கும் வகை) உப்பைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது. ஆனால் இரும்பு எது, நல்ல உலோகம் எது என்று பிரித்துச் சொல்வதில் அவை மிகவும் பலவீனம். முதல் முறை வாங்குபவருக்கு அது வேண்டாம். நாள் முழுக்க ஆணியாகத் தோண்டி அலுத்துப்போவீர்கள்.

எடையைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. 2 கிலோவைத் தொடும் பழைய பெட்டிக் கருவியை மூன்று மணி நேரம் வீசிப் பாருங்கள், தோள் சொல்லும். இன்றைய கருவிகள் பெரும்பாலும் 1.3, 1.4 கிலோ. சில 1 கிலோவுக்கும் கீழ். கை வலித்தால் காயில் தரையை விட்டு மேலே எழும். இரண்டு அங்குலம் எழுந்தால் இரண்டு அங்குல ஆழம் போச்சு. எந்த விளம்பரத்திலும் இல்லாத ஆழம் இங்கேதான் இருக்கிறது.

திரையில் வரும் எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த எண் "தங்கம்" என்று சொல்வதில்லை. பொருளின் கடத்துதிறன், அளவு, வடிவம் எல்லாம் கலந்த ஓர் ஊகம் அது. மெல்லிய தங்க மோதிரமும் அலுமினியத் தாளும் பானக் கேனின் இழுப்பு வளையமும் ஒரே எண் வட்டாரத்தில்தான் விழுகின்றன. பழையதானாலும் புதியதானாலும் இது மாறாது.

இனி பழைய கருவியின் உண்மையான ஆபத்துக்கு வருகிறேன். அது தொழில்நுட்பத்தில் இல்லை. காயிலிலும் உதிரி பாகத்திலும் இருக்கிறது. என் மேசைக்கு வரும் பழைய கருவிகளில் சர்க்யூட் கெட்டது குறைவு. கெடுவது எல்லாம் காயிலும் கேபிளும் பேட்டரி அறையும்தான். திருகு குமிழ் கரகரப்பதெல்லாம் ஒரு பிரச்சினையே இல்லை, சுத்தம் செய்யும் ஸ்ப்ரே அடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். காயில் அப்படியில்லை. உள்ளே இரண்டு சுற்றுகளும் ஒன்றையொன்று ரத்து செய்யும்படி நுணுக்கமாக நிறுத்தி, பிசின் ஊற்றி இறுக்கியிருப்பார்கள். விரிசல் வழியே நீர் புகுந்து அந்தச் சமநிலை போனால் போனதுதான். பிரித்து ஒட்டித் தரச் சொல்லிக் கெஞ்சுகிறார்கள், நான் செய்வதில்லை. மாற்றுக் காயில்தான் ஒரே வழி. அது கிடைக்குமா? டெசோரோ 2018-இலும், 1950-இல் தொடங்கிய ஒயிட்ஸ் 2020-இலும் மூடப்பட்டுவிட்டன. இரண்டும் அருமையான கருவிகள் செய்த நிறுவனங்கள். இன்றும் நான் விரும்பிக் கையில் எடுப்பவை. டெசோரோ ஆயுள் உத்தரவாதம் கொடுத்தது, ஆனால் அதுவும் முதலில் வாங்கியவருக்கு மட்டும். "லைஃப்டைம் வாரண்டி உண்டு" என்று இன்று யாராவது உங்களுக்கு அதை விற்றால், அந்த வார்த்தைக்குப் பின்னால் நிற்க ஆள் இல்லை.

பழையது வாங்கவே கூடாது என்று சொல்ல வரவில்லை. கையில் எடுத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள் என்கிறேன். உங்கள் பையில் ஒரு நாணயம், ஒரு இரும்பு ஆணி, உங்கள் சொந்த மோதிரம், புது பேட்டரிகள் எடுத்துக்கொண்டு போங்கள். வீட்டுக்குள் சோதிக்காதீர்கள், தரையில் கம்பி, சுவரில் ஒயர், நல்ல கருவியும் அங்கே பைத்தியம் பிடித்ததுபோல் கத்தும். வெளியே வாருங்கள், மின்கம்பிகளை விட்டுத் தள்ளி. மொபைலை அணைத்துவிடுங்கள். முதலில் பேட்டரி அறை. பொருக்கும் பச்சையும் இருந்தால் கசிந்த காரம் எவ்வளவு தூரம் உள்ளே போயிருக்கிறது என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. அப்புறம் காயிலின் அடிக்கவரைக் கழற்றச் சொல்லுங்கள். அங்கே சேர்ந்த மண்ணே பல பொய்ச் சத்தங்களுக்குக் காரணம், அதை ஈரத் துணியால் துடைத்தாலே போதும். ஆனால் காயிலின் ஓட்டில் விரிசலோ, ஷாஃப்டில் (பிடிக்கும் தண்டில்) பொருத்தும் காதுகளில் உடைசலோ, யாரோ பிசின் தடவிய தழும்போ தெரிந்தால் வேண்டாம்.

கருவியை ஓடவிட்டு, காயிலை அசைக்காமல் பிடித்துக்கொண்டு கேபிளைக் காயில் முனையிலும், சர்க்யூட் இருக்கும் பெட்டி முனையிலும் வளைத்துப் பாருங்கள். விரல் நுனியால் காயிலைத் தட்டிப் பாருங்கள். ஒரு சத்தமும் வரக்கூடாது. பிறகு நாணயம், ஆணி, மோதிரம் ஒவ்வொன்றையும் காயிலின் முன்னால் வீசி ஒலியைக் கேளுங்கள். விற்பவர் இதற்கெல்லாம் முகம் சுளித்தால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

நீர் புகாத கருவி என்ற பேச்சை நம்பி யாரும் தண்ணீரில் இறக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். பழைய மாடல்கள் பெரும்பாலானவற்றில் காயில் மட்டும்தான் நனையலாம், பெட்டி நனையக்கூடாது. முழுக்க நீர் புகாததாகச் செய்யப்பட்ட கருவியில்கூட ரப்பர் வளையம் காலப்போக்கில் இறுகிவிடும். 3 மீட்டர் ஆழம் வரை நீர் புகாது என்று அச்சிட்டிருப்பது கருவி புதிதாக இருந்தபோது சொன்னது. போன மாதம் ஒருவர் முழங்கால் தண்ணீரில் நின்று குனிந்த ஒரு நொடியில் பெட்டி போய்விட்டது. உள்ளே உப்பு பூத்திருந்தது.

புதிய கருவியைப் பயன்படுத்தியவரிடம் வாங்குவதாக இருந்தாலும் கவனம் வேண்டும். உள்ளே பொதிந்த லித்தியம் பேட்டரி, கருவி சும்மா கிடந்தாலும் வயதாகும். சார்ஜே ஏற்றாமல் இரண்டு வருடம் அலமாரியில் இருந்தது என்றால் அதை நல்ல சேதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெயர்பெற்ற மாடல்களுக்குப் போலிகள் ஏராளம். வெளித்தோற்றம் அச்சு அசலாக இருக்கும். சீரியல் எண்ணை நிறுவனத்துக்கு அனுப்பிச் சரிபார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

முதல் முறை வாங்குபவர் என்னைக் கேட்டால், பழைய முதல் தர மாடலைவிட வாரண்டியோடு வரும் இன்றைய ஆரம்பநிலை மாடலைத்தான் சொல்வேன். நோக்டாவின் சிம்ப்ளெக்ஸ், மைன்லேபின் வான்க்விஷ் மாதிரி. கிரவுண்ட் பேலன்ஸை (மண்ணின் தாதுச் சத்தத்தை அடக்கும் அமைப்பை) கையால் திருப்பிப் பழகியவர், தன் மண்ணை அறிந்தவர், மாற்றுக் காயில் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர் பழையதைத் தாராளமாக வாங்கட்டும்.

அந்தத் தம்பியின் கருவி என் அலமாரியில் இருக்கிறது. தொடுதகடுகளை வினிகரால் துடைத்து, இரண்டை மாற்றிவிட்டேன். காயில் இன்னும் கிடைக்கவில்லை, கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்கவும் முடியவில்லை. சோதனைக்கு நான் வைத்திருக்கும் சின்னக் கருவியை அவரிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். தோட்டத்தில் கயிறு கட்டிப் பாத்தி பாத்தியாகப் பிரித்துக்கொள்ளுங்கள், காயிலைத் தரையை ஒட்டியே வைத்து, போன வீச்சில் பாதியை அடுத்த வீச்சு மூடும்படி மெதுவாக வீசுங்கள், முதலில் வீட்டில் இருக்கும் வேறொரு மோதிரத்தைப் புல்லில் போட்டு அதன் ஒலியைக் கேட்டுக்கொள்ளுங்கள், திரையில் அலுமினியத் தாளின் எண் வந்தாலும் விடாமல் கையால் கிளறிப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு தேடப் போவதாகச் சொன்னார். எந்தச் செடியை நடும்போது கை ஈரமாக இருந்தது என்று அவருக்குத்தானே நினைவிருக்கும்.